மக்கள் தொடர்புத் துறையில் என் முதல் இரண்டு ஆண்டுகள்

எம்.ஏ. தமிழ் முடித்த கையோடு, 2014 ஜூன் மாதம் சென்னையில் ஒரு மக்கள் தொடர்பு (பி.ஆர்.) ஏஜென்சியில் வேலைக்குச் சேர்ந்தேன். மாதச் சம்பளம் 12,000 ரூபாய். திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் சேர்ந்து தங்கும் அறை. மருமகன் கலெக்டர் ஆபீசில் பி.ஆர்.ஓ. ஆகிவிட்டான் என்று மாமா கோவில்பட்டி முழுக்கச் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பி.ஆர்.ஓ. என்றால் இரண்டே பேர்தான். ஒருவர் கலெக்டர் அலுவலகத்தில் இருக்கும் செய்தி மக்கள் தொடர்பு அலுவலர். இன்னொருவர் சினிமா போஸ்டரின் அடியில் ‘மக்கள் தொடர்பு’ என்று பெயர் வருபவர். தனியார் நிறுவனங்களுக்காகப் பத்திரிகைகளிடம் பேசுவதற்கென்றே அலுவலகங்கள் இருக்கின்றன என்பது எனக்கே கல்லூரி இறுதியாண்டில்தான் தெரிந்தது.

இப்போது ஒவ்வொரு மே, ஜூனிலும் கல்லூரி முடித்த பிள்ளைகள் யார் மூலமாவது என்னைத் தேடி வருகிறார்கள். காட்சித் தொடர்பியல், இதழியல் படித்தவர்களும் உண்டு, பி.காம்., நுண்ணுயிரியல் படித்தவர்களும் உண்டு. எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான்: “எனக்குப் பத்திரிகையில் யாரையும் தெரியாது, இந்த வேலைக்குச் சரிப்படுமா?” நானும் யாரையும் தெரியாமல்தான் வந்தேன். முதல் இரண்டு ஆண்டுகளில் நான் பட்டதை எழுதினால் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும் என்று நினைக்கிறேன்.

முதல் மூன்று மாதம் எனக்குக் கொடுத்த வேலை பத்திரிகை படிப்பது. காலை ஐந்தரைக்குத் திருவல்லிக்கேணி நெடுஞ்சாலையில் கட்டுப் பிரித்துக்கொண்டிருக்கும் கடையில் பதினொரு பத்திரிகைகள் வாங்குவேன். தமிழில் ஆறு, ஆங்கிலத்தில் ஐந்து. ஏழு மணிக்கு அலுவலகம். கிளையன்டின், அதாவது எங்களிடம் வேலை கொடுத்த நிறுவனத்தின், பெயர் எங்கே வந்திருக்கிறது, போட்டி நிறுவனத்தின் பெயர் எங்கே வந்திருக்கிறது, அந்தத் தொழிலைப் பற்றி அரசு ஏதாவது அறிவித்திருக்கிறதா என்று பார்த்து, வெட்டி, வெள்ளைத்தாளில் ஒட்டி, தேதியும் பக்க எண்ணும் எழுதி, ஸ்கேன் செய்து எட்டரைக்குள் அனுப்ப வேண்டும். எங்கள் தொழிலில் இதை டிராக்கிங் என்கிறோம். என்னோடு சேர்ந்த இருவர் இதற்காகவா பட்டம் வாங்கினோம் என்று வருத்தப்பட்டார்கள். ஒருவர் இரண்டாவது மாதமே போய்விட்டார்.

எனக்கு அது வலிக்கவில்லை. செய்திகளோடு எழுதியவரின் பெயரையும் சேர்த்துப் படித்தேன். ஐம்பது நாள் போனதும் ஒரு வரைபடம் தானாக மனதில் விழுந்துவிட்டது. அரசு மருத்துவமனைச் செய்திகளை எழுதுபவர் யார், கோயம்பேடு காய்கறி விலையை யார் கவனிக்கிறார், எந்தப் பத்திரிகையில் வணிகப் பக்கம் உண்டு, எதில் வணிகச் செய்திகள் உள்ளூர்ப் பக்கத்திலேயே வந்துவிடும், மகளிர் இணைப்பு எந்தக் கிழமை, எதில் படம் பெரிதாகப் போடுவார்கள் என்பதெல்லாம் தெரிந்தது. ஒரு நிருபரை முதன்முதலில் நேரில் பார்த்தபோது, போன வாரம் அவர் எழுதிய மின்சார ரயில் கட்டுரையைப் பற்றி என்னால் ஐந்து நிமிடம் பேச முடிந்தது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். தொடர்பு இல்லையே என்று கவலைப்படும் பிள்ளைகளிடம் நான் சொல்வது இதைத்தான். அறிமுகம் கைகுலுக்கும்போது தொடங்குவது இல்லை, அவர்கள் எழுதியதைப் படிக்கும்போதே தொடங்கிவிடுகிறது.

டிராக்கிங்கின் தொடர்ச்சியாக இன்னொரு வேலையும் இருந்தது. அதை நான் இன்றுவரை ஏற்கவில்லை. மாதக் கடைசியில் வெட்டி ஒட்டிய செய்திகளை அடிக்குச்சி வைத்து அளப்போம். எத்தனை பத்தி அகலம், எத்தனை சென்டிமீட்டர் நீளம். அந்த இடத்துக்கு விளம்பரம் கொடுத்தால் எவ்வளவு ஆகுமோ அதை மூன்றால் பெருக்கி, இவ்வளவு லட்சம் மதிப்புள்ள செய்தி வந்திருக்கிறது என்று கிளையன்டிடம் கணக்குக் காட்டுவோம். 2010-லேயே பார்சிலோனாவில் கூடிய இத்துறையினர், விளம்பரக் கட்டணத்தை வைத்துச் செய்தியின் மதிப்பைச் சொல்லக் கூடாது என்று கோட்பாடு வகுத்துவிட்டார்கள். எங்கள் அலுவலக அடிக்குச்சிக்கு அந்தத் தகவல் போய்ச்சேரப் பல ஆண்டுகள் ஆயின. புதிதாகச் சேர்கிறவர் இந்த அளவையைச் செய்துதான் ஆக வேண்டியிருக்கலாம். ஆனால் அந்தத் தாளிலேயே, யார் படித்தார்கள், படித்தவர்கள் என்ன செய்தார்கள், எத்தனை பேர் போன் செய்தார்கள் என்ற இரண்டு வரியையும் சேர்த்து எழுதிப் பழக வேண்டும். நான் அப்படி எழுதத் தொடங்கிய பிறகு கிளையன்டுகள் முதலில் படித்தது அந்த இரண்டு வரியைத்தான்.

நான் உண்மையில் பிழைத்துக்கொண்டது தமிழால். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

பத்திரிகைகளுக்கு நாங்கள் அனுப்பும் செய்திக் குறிப்பு ஏஜென்சியில் முதலில் ஆங்கிலத்தில்தான் எழுதப்படும். கிளையன்டின் மும்பை அலுவலகமோ பெங்களூரு அலுவலகமோ அதைத் திருத்தி ஒப்புதல் தரும். அதன் பிறகு பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி பேசி, வெளியில் ஒருவரிடம் மொழிபெயர்க்கக் கொடுப்பார்கள். தமிழ் வந்ததும் யாரும் படிக்காமலேயே பத்திரிகைகளுக்குப் போய்விடும். நான் சேர்ந்த மூன்றாவது மாதம், ஒரு நாளிதழின் மூத்த உதவி ஆசிரியர் என்னை போனில் கூப்பிட்டார்.

“தம்பி, இதைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினீர்களா?”

“இல்லை, சார்.”

“இப்போது படியுங்கள். சத்தமாகப் படியுங்கள். நான் கேட்கிறேன்.”

படித்தேன். ‘வாடிக்கையாளர் மையத் தீர்வுகளின் முன்னணி வழங்குநரான இந்நிறுவனம், தென் சந்தையில் தனது தடத்தை வலுப்படுத்தும் விதமாக, அதிநவீன சேவை வசதியொன்றைத் தொடங்குவதை அறிவிப்பதில் பெருமகிழ்ச்சி கொள்கிறது.’ மூச்சு வாங்கியது. அவர் திட்டவில்லை. “அம்பத்தூரில் இருக்கும் ஒரு அம்மாவுக்கு இதில் என்ன இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்” என்றார். நான் கிளையன்டைக் கூப்பிட்டுக் கேட்டேன். அம்பத்தூரில் சர்வீஸ் மையம் திறக்கிறார்கள், வாஷிங் மெஷின் பழுதானால் இனி அண்ணா நகர் வரை போக வேண்டாம், ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும். இதை மூன்று வாக்கியமாக எழுதிக் கொடுத்தேன். மறுநாள் ஏழாம் பக்கத்தில் சின்னதாக வந்தது. என் எழுத்தில் அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. அந்தத் துண்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அப்படி எழுத எனக்கு எந்த வகுப்பும் சொல்லித் தரவில்லை. என் அப்பா கோவில்பட்டியில் டீக்கடை வைத்திருந்தார். கடைக்கு இரண்டு பத்திரிகைகள் வரும். காலை ஆறரைக்குள் அவை தாள் தாளாகப் பிரிந்துவிடும். ஒருவர் கையில் மூன்றாம் பக்கம் இருக்கும், இன்னொருவர் கையில் விளையாட்டுப் பக்கம், பெஞ்சின் ஓரத்தில் இருப்பவருக்குக் கடைசித் தாள். கிடைத்த தாளை எடுத்து, டீ தீர்வதற்குள் கண்ணில் பட்டதைப் படிப்பார்கள். தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவர்களுக்கு அவ்வளவுதான் நேரம். இரண்டாவது வரியில் ஊர் பெயர் வராவிட்டால் பார்வை அடுத்த செய்திக்குப் போய்விடும். சிலர் பக்கத்தில் இருப்பவருக்காக வாய்விட்டுப் படிப்பார்கள். வாய்விட்டுப் படிக்கும்போது தடுக்கும் வாக்கியத்தை அவர்களே பாதியில் விட்டுவிடுவார்கள். பதினைந்து ஆண்டுகள் டீ ஆற்றும் பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய எனக்கு, தமிழ்ப் பத்திரிகை வாசகர் எப்படிப் படிப்பார் என்பது தெரியும். அது எனக்குத் தெரிந்த ஒன்று என்பதே அந்த உதவி ஆசிரியர் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பின் அலுவலகத்தின் தமிழ்க் குறிப்புகள் எல்லாம் என் மேசைக்கு வந்தன. மொழிபெயர்ப்பதை நிறுத்தினோம். ஆங்கிலக் குறிப்பிலிருந்து விவரங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, தமிழில் புதிதாக எழுதினோம். ஊர் பெயர் முதல் வரியில். விலை, தேதி, நேரம், முகவரி முதல் இரண்டு பத்தியில். தலைவர் சொன்ன பொன்மொழி கடைசியில், அதுவும் அவர் உண்மையில் ஏதாவது சொல்லியிருந்தால் மட்டும். எழுத்துருச் சிக்கல் வேறு இருந்தது. நாங்கள் யூனிகோடில் தட்டச்சு செய்வோம். சில பத்திரிகை அலுவலகங்களில் பழைய எழுத்துருக்களே புழக்கத்தில் இருந்தன. மாற்றும்போது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போய்விடும், பெயர்கள் சிதைந்துவிடும். எந்த அலுவலகத்துக்கு எந்த எழுத்துரு என்று ஒரு பட்டியல் தயாரித்து, அவர்களுக்கு ஏற்றபடி மாற்றி, பிழை பார்த்து அனுப்பத் தொடங்கினேன். கூடவே ஒரு பி.டி.எஃப்., ஒப்பிட்டுப் பார்க்க. இரவுப் பணியில் இருக்கும் ஒருவருக்குப் பத்து நிமிட வேலை மிச்சம். பத்து நிமிடம் மிச்சப்படுத்திய குறிப்பு பக்கத்தில் ஏறிவிடும்.

கல்லூரிப் பிள்ளைகளிடம், குறிப்பாகத் தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கிலம் போதாதே என்று தயங்கி நிற்பவர்களிடம், நான் அழுத்திச் சொல்வது இதைத்தான். ஆங்கிலம் வேண்டும். மின்னஞ்சல் எழுதவும், கிளையன்டோடு கூட்டத்தில் பேசவும் வேண்டும். ஓராண்டு பயிற்சியில் வந்துவிடும், எனக்கு வந்தது. ஆனால் நல்ல தமிழில் ஒரு பக்கம் பிழையின்றி எழுதத் தெரிந்தவர்கள் எங்கள் அலுவலகங்களில் மிகக் குறைவு. உங்களிடம் அது இருந்தால், நேர்காணலில் நீங்களே அதைச் சொல்லுங்கள்.

இனி நான் செய்த இரண்டு தவறுகள்.

முதலாவது ஒரு படக்குறிப்பு. ஒரு கடைத் திறப்பு விழாவில் ஐந்து பேர் குத்துவிளக்கேற்றும் படம். ‘இடமிருந்து வலம்’ என்று ஐந்து பெயர்களை எழுதி அனுப்பினேன். இரண்டாவது பெயரும் நான்காவது பெயரும் இடம் மாறிவிட்டன. மறுநாள் மூன்று பத்திரிகைகளில் அப்படியே வந்துவிட்டது. காலை ஆறு மணிக்குக் கடையில் நின்று முதல் பத்திரிகையைப் பிரித்ததுமே தெரிந்துவிட்டது. கை நடுங்கியது. என் மேலாளர் அம்மையாரை எழுப்பிச் சொன்னேன். “முதலில் மூன்று நிருபர்களுக்கும் சொல்லுங்கள், கிளையன்டிடம் நான் பேசிக்கொள்கிறேன்” என்றார். இருவர் பரவாயில்லை என்றார்கள். மூன்றாமவரிடம் அவருடைய செய்தி ஆசிரியர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டுவிட்டார். இரண்டு மாதம் அவர் என் போனை எடுக்கவில்லை. அதில் அவர்மேல் ஒரு குற்றமும் இல்லை. நான் செய்த பிழை என் கோப்பில் ஏறவில்லை, குடும்பமும் குழந்தைகளுமாக இருக்கும் இன்னொருவரின் கோப்பில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து மேடையில் படம் எடுத்ததும், அவர்கள் கலைவதற்குள் எதிரே போய் நின்று இடப்பக்கத்திலிருந்து பெயரை எழுதிக்கொள்கிறேன். அவர்களுக்கு எது இடம், பார்ப்பவருக்கு எது இடம் என்று குழம்புகிறவர்கள் உண்டு. பார்ப்பவரின் இடம்தான் கணக்கு. இனிஷியலைக் கேட்டு எழுதுகிறேன். வடமாநிலப் பெயராக இருந்தால் எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டு, தமிழில் எழுதி, வாய்விட்டுச் சொல்லிக் காட்டுகிறேன். மிஸ்ராவா மிஷ்ராவா என்பதில் ஒரு மனிதரின் மரியாதை இருக்கிறது.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. ஒரு கிளையன்ட் தன் தொழிற்கூடத்தின் ஒரு பிரிவை மூடப்போகிறது என்று கேள்விப்பட்டு ஒரு நிருபர் என்னைக் கேட்டார். நான் நிறுவனத்தைக் கேட்டேன். புரளி என்றார்கள். நானும் அவரிடம், “அப்படி எதுவும் இல்லை, சார்” என்று சொல்லிவிட்டேன். பத்தே நாளில் மூடினார்கள். அவர் போன் செய்து, “நீங்கள் சொன்னதால்தான் எழுதாமல் விட்டேன். எழுதியிருந்தால் அங்கே வேலை பார்த்தவர்களுக்குப் பத்து நாள் முன்பே தெரிந்திருக்கும்” என்றார். வேறொன்றும் பேசவில்லை. நான் பொய் சொல்லவில்லைதான். ஆனால் எனக்கே தெரியாத ஒன்றை, தெரிந்தவனைப் போல என் வாயால் சொல்லியிருந்தேன்.

அதன் பிறகு என் பேச்சு மாறியது. ‘நிறுவனம் தரும் பதில் இது’ என்று சொல்வேன். முடிந்தவரை அவர்களிடம் எழுத்தில் வாங்கி, யார் பெயரில் என்பதோடு அனுப்புவேன். தெரியாவிட்டால், தெரியாது, விசாரித்து இத்தனை மணிக்குள் சொல்கிறேன் என்பேன். அந்த மணிக்குள் பதில் கிடைக்காவிட்டாலும், கிடைக்கவில்லை என்பதைச் சொல்லப் போன் செய்வேன். கிளையன்ட் என்னிடம் மறைத்தது தெரிந்தால் அதை மேலாளரிடம் கொண்டு போவேன். அப்படி ஒரு கிளையன்டை எங்கள் அலுவலகம் ஒரு முறை விட்டதும் உண்டு. 1906 அக்டோபரில் அமெரிக்காவின் அட்லாண்டிக் சிட்டி அருகே பாலத்திலிருந்து ரயில் தண்ணீரில் விழுந்து 50 பேருக்கு மேல் இறந்தபோது, பென்சில்வேனியா ரயில் நிறுவனத்துக்காக வேலை பார்த்த ஐவி லீ, நடந்ததை மறைக்காமல் தாமே எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். முதல் செய்திக் குறிப்பு அதுதான் என்பார்கள். கடைத் திறப்பு விழாவுக்கும் புதுப் பொருள் அறிமுகத்துக்கும் நாங்கள் எழுதும் அதே வடிவம், ஒரு விபத்தை ஒப்புக்கொள்ளப் பிறந்தது என்பதை என்னிடம் சேரும் ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

நம் ஊரிலும் ஒரு முன்னோடி உண்டு. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. என்று பெயர் பெற்ற ‘ஃபிலிம் நியூஸ்’ ஆனந்தன். 1958-ல் வந்த ‘நாடோடி மன்னன்’ படத்தில் தொடங்கியவர். 2016 மார்ச்சில் காலமானார். அவரை நான் நேரில் பார்த்ததில்லை. ஆனால் மூத்த நிருபர்கள் அவரைப் பற்றிச் சொல்வது ஒன்றே: எந்தப் படம், எந்த ஆண்டு, யார் இசை என்று சந்தேகம் வந்தால் அவரைக் கேட்டால் போதும். தமிழ்ப் படங்களின் விவரங்களையும் புகைப்படங்களையும் ஆயுள் முழுக்கச் சேர்த்தவர் அவர். யாருடைய படத்துக்காக அவர் வேலை பார்க்கிறார் என்பதைத் தாண்டி, அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று பத்திரிகையாளர்கள் நம்பினார்கள். என் கிளையன்டுகளின் தொழிலில் அப்படி ஒரு ஆளாக வேண்டும் என்பதுதான் என் ஆசை.

கவர் விஷயத்தையும் மறைக்க விரும்பவில்லை. செய்தியாளர் சந்திப்பின் முடிவில், பையில் குறிப்போடு பணம் வைத்த உறையையும் சேர்த்துக் கொடுக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த ஆறாவது மாதம் ஒரு கிளையன்டின் மார்க்கெட்டிங் அதிகாரி ஒரு கட்டு உறைகளை என் கையில் திணித்து, ஒவ்வொரு பையிலும் ஒன்று வைக்கச் சொன்னார். எனக்கு வயது 23. பதில் சொல்லத் தெரியவில்லை. மேலாளரிடம் ஓடினேன். அவர் அந்தக் கட்டை அப்படியே திருப்பிக் கொடுத்து, “செய்தி இருந்தால் எழுதுவார்கள், சார். இல்லாவிட்டால் விளம்பரம் கொடுங்கள், ரசீது கிடைக்கும்” என்றார். அன்று அந்த அறையில் இருந்த நிருபர்களில் பலர், வைத்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டார்கள் என்பது பிறகு பழகியபோது தெரிந்தது. உறை வைக்கச் சொல்லும் அலுவலகத்தில் முதல் வேலை கிடைத்தால், வேறு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளம் ஆயிரம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை. அங்கே எழுதக் கற்றுக்கொள்ள மாட்டீர்கள்.

இந்த வேலை எதற்கு என்பது எனக்கு முழுதாகப் புரிந்தது 2015 டிசம்பர் வெள்ளத்தில். அப்போது வீட்டுச் சாதனங்கள் தயாரிக்கும் ஒரு நிறுவனம் எங்கள் கிளையன்ட். 4-ஆம் தேதி புதிய பொருள் ஒன்றின் அறிமுக விழா. ஓட்டல் ஏற்பாடு, அழைப்பு எல்லாம் முடிந்திருந்தது. 1-ஆம் தேதி இரவு அடையாறு கரையை மீறியது. சைதாப்பேட்டை, ஜாபர்கான்பேட்டை, கோட்டூர்புரம் எல்லாம் நீருக்குள். 2-ஆம் தேதி காலை வழக்கம்போல் பத்திரிகை வாங்கப் போனேன். ‘தி இந்து’ ஆங்கில நாளிதழ் வரவில்லை. ஊழியர்கள் அச்சகத்துக்குப் போய்ச்சேர முடியாததால், 1878-ல் தொடங்கப்பட்ட அந்தப் பத்திரிகை அன்று அச்சாகவில்லை. பதினொரு பத்திரிகைகளில் ஒன்று குறைந்த அந்தக் கட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் எவ்வளவு பெரிய துயரம் இது என்று உடம்புக்குத் தெரிந்தது.

விழா ரத்தானது. மும்பையிலிருந்து கிளையன்டின் அதிகாரி பேசினார். நிவாரண நிதிக்கு நிறுவனம் பணம் தருகிறது, காசோலை கொடுக்கும் படத்தோடு உடனே குறிப்பு அனுப்புங்கள் என்றார். மேலாளர் மறுத்தார். ஊர் மூழ்கிக் கிடக்கும்போது காசோலைப் படத்துக்கு இடம் கேட்கக் கூடாது என்றார். பிறகு அவர் கேட்ட கேள்வியை நான் மறக்கவே மாட்டேன். “உங்கள் சர்வீஸ் இன்ஜினியர்களுக்குத் தெரிந்து, மக்களுக்குத் தெரியாமல் இருப்பது இப்போது என்ன?”

ஒரு இன்ஜினியரின் எண்ணைக் கொடுத்தார்கள். அரை நாள் முயன்று இணைப்புக் கிடைத்தது. தண்ணீர் வடிந்து வீடு திரும்பியதும் எல்லோரும் முதலில் செய்வது சுவிட்சைப் போட்டு ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று பார்ப்பதுதான், அதைத்தான் செய்யவே கூடாது என்றார். மெயின் சுவிட்சை அணைத்துவிட வேண்டும், பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், சேறு புகுந்த ஸ்விட்ச் போர்டை எலெக்ட்ரீஷியன் பார்க்காமல் தொடக் கூடாது, வெளியே காய்ந்திருந்தாலும் மோட்டாருக்குள் ஈரம் இருக்கும். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பன்னிரண்டு வரி. அதன் கீழே இலவசப் பழுதுபார்ப்பு முகாம்கள் நடக்கும் இடங்களும் நேரமும் ஒரு தொலைபேசி எண்ணும். நிறுவனத்தின் பெயர் கடைசி வரியில் ஒரே ஒரு முறை. அனுப்பிய தமிழ்ப் பத்திரிகைகள் அனைத்திலும் வந்தது. ஒன்றில் பெட்டிச் செய்தியாக முதல் பக்கத்திலேயே வந்தது.

சைதாப்பேட்டை முகாமுக்கு நானே போனேன். ஒரு பாட்டி, பழைய புடவையில் குழந்தையைச் சுற்றுவது போலச் சுற்றி ஒரு மிக்ஸியைக் கொண்டு வந்தார். அரசு இலவசமாகக் கொடுத்த மிக்ஸி. எங்கள் கிளையன்ட் தயாரித்தது இல்லை. வரிசையில் இருந்த ஒருவர், “இது அந்தக் கம்பெனி இல்லை பாட்டி, பார்க்க மாட்டார்கள்” என்றார். பாட்டி நகரவில்லை. இன்ஜினியர் எதுவும் சொல்லாமல் வாங்கித் திருகைக் கழற்றினார். உள்ளே களிமண்ணாக இருந்தது. பிரஷ் வைத்துத் துடைத்து, வெயிலில் காய வைத்து, மாலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னார். நான் அங்கிருந்தே மேலாளரைக் கூப்பிட்டேன். ஒரு மணி நேரத்தில் மும்பையில் ஒப்புதல் வாங்கிவிட்டார். அன்று மாலைக் குறிப்பின் முதல் வரி, ‘எந்த நிறுவனத்தின் தயாரிப்பாக இருந்தாலும் இலவசமாகப் பழுது பார்க்கப்படும்’ என்பது. அந்த மாத அறிக்கையில் அடிக்குச்சி அளவை நான் போடவில்லை. எத்தனை மிக்ஸி, எத்தனை ஃபிரிட்ஜ், எத்தனை பேர் வந்தார்கள் என்று மட்டும் எழுதினேன். யாரும் அளவு எங்கே என்று கேட்கவில்லை.

அந்தச் செய்தியை அப்பாவிடம் போனில் சொன்னேன். அவர் கடைக்கு வரும் பத்திரிகைகளில் தேடியிருக்கிறார், இல்லை. கோவில்பட்டிக்கு வருவது திருநெல்வேலிப் பதிப்பு, சென்னைச் செய்தி அதில் வராது என்று விளக்கினேன். பதிப்பு என்பதை மனதில் வைக்காமல் குறிப்பு எழுதக் கூடாது என்ற பாடம் எனக்கே அப்போதுதான் அழுத்தமாகப் பதிந்தது. இப்போதெல்லாம் ஒரு நிறுவனத்துக்குத் தமிழ்நாடு முழுக்க நிகழ்ச்சி என்றால், மாவட்டத்துக்கு ஒரு முதல் பத்தி தனியாக எழுதுகிறோம்.

சில்லறையாகச் சில. குறிப்பு அனுப்பிவிட்டு, மெயில் வந்ததா என்று கேட்பதற்காக மட்டும் போன் செய்யாதீர்கள். சொல்ல ஒரு புதிய விவரம் இருந்தால் செய்யுங்கள். மாலை நான்கு மணிக்கு மேல் எழுதும் நேரம், அவர்கள் அழைத்தால் மட்டும் பேசுங்கள். காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை எனக்கு ஒத்துவந்த நேரம். செய்தியாளர் சந்திப்பைப் பதினொரு மணிக்கு என்று சொன்னால் பதினொரு மணிக்குத் தொடங்குங்கள். அடுத்த இடத்துக்கு ஓட வேண்டியவர்கள் அவர்கள். எந்த நாள் வரை வெளியிடக் கூடாது என்று நிபந்தனை போட்டுக் கொடுக்கும் செய்தியை ஒருவருக்கு மட்டும் முன்கூட்டி அவிழ்த்துவிடாதீர்கள். சம்பளத்தைப் பொறுத்தவரை முதல் இரண்டு ஆண்டுகள் கஷ்டம்தான், மறைப்பதற்கில்லை. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் இருப்பவர்கள் இதை யோசித்துத்தான் வர வேண்டும். அரசுப் பணி வேண்டுமென்றால் டி.என்.பி.எஸ்.சி. வழியாக உதவி மக்கள் தொடர்பு அலுவலர் தேர்வு இருக்கிறது, அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள்.

போன மாதம் எட்டயபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தார். பி.ஏ. வரலாறு. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அனுப்பியிருந்தார். வழக்கம்போல ஒரு வாரம் மூன்று தமிழ் நாளிதழ்களைப் படித்துவிட்டு வாருங்கள், கண்ணில் பட்டதைக் குறித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். எட்டாம் நாள், 21 பத்திரிகைகளையும் மஞ்சள் பையில் அடுக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். சிவப்புப் பேனாவால் குறித்திருந்தார். ஒரு மருத்துவமனையின் குறிப்பு மூன்றிலும் மூன்று விதமாகத் தொடங்குவதைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். பிறகு கொஞ்சம் தயங்கி, ஒரு படத்தை எடுத்து நீட்டினார்.

“அண்ணா, இதில் ஆறு பேர் நிற்கிறார்கள். ஐந்து பெயர்தான் இருக்கிறது. அந்த ஓரத்தில் நிற்கிறவர் யார்?”

திங்கட்கிழமை சேர்கிறார். ஏழு மணிக்கு வந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.